ஓய்வும் துரைத்தனமும்

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். இது வழக்காடி நிலைநாட்ட வேண்டிய செய்தியன்று. பகலெல்லாம் ஏரிழுத்த மாட்டையும் அந்தியில் நுகத்தடியினின்று அவிழ்த்து விடுகிறோம். மனிதனுக்கு மட்டும் அது வேண்டாவென்பார் யார்? ஆயினும், எவ்வகையில் ஓய்வு கொள்வது மானமுடைய மனிதனுக்குத் தகும், எவ்வகையில் கொள்வது தகாது என்னும் கேள்வியை நம்மவர் அதிகமாகக் கேட்டுக் கொள்வதில்லை. பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒரே பேச்சு எழுகிறது. எந்தத் தீவுக்குப் போகலாம்? எந்த விடுதியில் தங்கலாம்? பகலைக் கடற்கரையில் கழித்த பின்னர் இரவை எங்கே கழிக்கலாம்? கட்டணம் விசாரிக்கப்படுகிறது, படகு புறப்படும் நேரம் விசாரிக்கப்படுகிறது, மலிவான சரக்கு கிடைக்கும் கடையும் விசாரிக்கப்படுகிறது. அவ்விடத்திற்கு நாம் யாராகப் போகிறோம் என்பது மட்டும் விசாரிக்கப்படுவதில்லை. விட்டுப்போன அந்த ஒரு விசாரணையையே இங்கு நடத்தக் கருதுகிறோம்.

முதலில், விடுமுறை என்பது நம் கைக்கு வந்த வரலாற்றை நினைவுகொள்வோம். சம்பளத்தோடு கூடிய ஓய்வு வானத்தினின்று விழுந்த வரமன்று. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்குக் குறைந்தது ஆறு வேலை நாட்களேனும் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டுமென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் உடன்படிக்கை வகுத்தது 1936-ஆம் ஆண்டில்தான். ஓய்வும், சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் மனிதனின் பிறப்புரிமை என்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம் தன் 24-ஆம் விதியில் கூறியது 1948-ஆம் ஆண்டில். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணி செய்தோர்க்கு ஆண்டுக்கு 8 நாட்களும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டோர்க்கு 12 நாட்களும், அதற்கு மேற்பட்டோர்க்கு 16 நாட்களும் குறைந்த அளவாக விதிக்கிறது. சிங்கப்பூரின் சட்டமோ முதலாண்டில் 7 நாட்களில் தொடங்கிப் படிப்படியாக 14 நாட்கள் வரை உயர்த்துகிறது.

இந்த எட்டும் பன்னிரண்டும் பார்வைக்குச் சிறிய எண்கள். ஆனால் நம் பாட்டன்மாரின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருள் விலகுமுன் பிரட்டில் நின்று பெயர் கொடுத்தவர் அவர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. ஆகவே அவருக்கு ஓய்வு என்பதும் பட்டினி என்பதும் ஒரு பொருள் தரும் இரு சொற்களாகவே இருந்தன. நோய் கண்டு லயத்தில் படுத்தவர் ஓய்வெடுத்தவரல்லர், கடன் வாங்கியவர். அத்தகையவரின் பேரப்பிள்ளைகளாகிய நாம், வேலை செய்யாத நாளுக்கும் சம்பளம் பெற்றுக்கொண்டு கடலைப் பார்க்கப் போகிறோம். இது ஒரு பெரும் மாறுதல். பல நாட்டுத் தொழிலாளர் கேட்டும் கிளர்ந்தும் பெற்ற பொருள் இது. இதை எண்ணிச் செலவிடுதல் நம் கடமை.

நம் பாட்டன்மார் ஓய்வின்றி இருந்த காலத்தில் ஓய்வு கொண்டவர் எவரும் இல்லையோ? இருந்தனர். கேமரன் மலையை 1885-ஆம் ஆண்டில் வெள்ளைக்கார நில அளவையாளர் ஒருவர் கண்டு குறித்தார். அவர் பெயரே அம்மலைக்கு நிலைத்தது. பின்னாளில் அது குளிர்வாசஸ்தலமாயிற்று. பினாங்கு மலைக்கு 1923-ஆம் ஆண்டில் இழுவை ரயில் ஓடத் தொடங்கிற்று. சமவெளியின் வெக்கை தாளாத துரைமாரும் துரைசானிமாரும் மேலே சென்று தங்கினர். பூந்தோட்டமும் கணப்படுப்பும் மாலைத் தேநீரும் அவர்களுக்காகக் காத்திருந்தன. அந்தத் தேநீருக்குக் கொழுந்து பறித்த கைகள் எவருடையவை? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கூடை சுமந்தோர் பெரும்பாலும் நம்மவர் அன்றோ? துரை மலையழகைக் கண்டார்; பனிப்புகாரைக் கண்டார்; ரோஜாவைக் கண்டார். கூடை சுமந்தவளை அவர் கண்டாரில்லை. கண்டிருந்தாலும், மலையழகின் ஒரு பகுதியாகக் கண்டாரேயன்றி, அவளும் களைப்படையும் ஓர் உயிர் எனக் கண்டாரில்லை.

இங்கேதான் நாம் சொல்லவந்த பொருள் கிடைக்கிறது. ஓய்வு வேறு, துரைத்தனம் வேறு. மனிதன் எவனும் தனியாக ஓய்வு கொள்ள இயலாது. அவன் படுக்க ஒருவர் பாய் விரிக்கவேண்டும். அவன் உண்ண ஒருவர் உலை வைக்கவேண்டும். பிறருடைய உழைப்பின்மேல் சாய்ந்தே நாம் இளைப்பாறுகிறோம் என்பதை உணர்ந்து, அவருக்கும் இளைப்பாறும் உரிமை உண்டென்று நடந்துகொள்வது ஓய்வு. அவ்வுழைப்பின்மேல் சாய்ந்துகொண்டே அதனைக் காணாதவர்போல் இருப்பது துரைத்தனம். துரைத்தனத்திற்கு நிறமில்லை, சாதியில்லை, தேசமுமில்லை. காற்சட்டையும் தொப்பியும் அணிந்த வெள்ளைக்காரரோடு அது கப்பலேறிப் போய்விட்டதென்று எண்ணுதல் பேதைமை. விடுதி வாசலில் நம் பெட்டியை எடுக்க ஓடிவரும் பையனை நோக்கி நாம் விரலைச் சொடுக்கும் அக்கணத்தில் அது நம்முள்ளிருந்து எழுந்து நிற்கிறது.

“நாம் காசு கொடுக்கிறோம், அதற்குமேல் என்ன கடமை?” என்று சிலர் கேட்பர். இக்கேள்வியைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. காசு கொடுத்தவன் அறையைப் பெறுகிறான், உணவைப் பெறுகிறான், படகில் ஓர் இடத்தைப் பெறுகிறான். இவையனைத்தும் விலைக்குரிய பொருள்களே. ஆனால் ஒருவருடைய மானமும், ஓர் ஊரின் நற்பெயரும், ஒரு காட்டின் எதிர்காலமும் அந்தச் சீட்டில் எழுதப்படவில்லை. எழுதப்படாததை எடுத்துச் செல்பவனுக்கு உலகம் வேறொரு பெயர் வைத்திருக்கிறது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வருகின்ற விருந்தினன் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டுமென்பதற்குத் தனி அதிகாரம் வகுத்தாரில்லை. அக்காலத்து விருந்தினன் கொடுத்ததை உண்டு, வாழ்த்திவிட்டுப் போயிருப்பான். காசோடு வரும் விருந்தினனோ, தான் விருந்தினன் என்பதையே மறந்துவிடுகிறான். ஆகவே விருந்தினன் அறத்தை இந்நாளில் நாமே வகுத்துக்கொள்ள வேண்டியவராயிருக்கிறோம்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருத்தல் பயன்தராது. நம்மவர் பெருவாரியாக விரும்பிச் செல்லும் ஓரிடத்தையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம். கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவித் தீவு அத்தகையது. 1987-ஆம் ஆண்டில் அது சுங்கவரியற்ற தீவாக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாகத் தென்கிழக்காசியாவிலேயே முதன்முதலாக ஏற்கப்பட்டது. இயற்கை, விடுதி, இரவுக் கேளிக்கை என்ற மூன்றையும் ஒரே தீவில் காட்டி அழைக்கிறார்கள். அம்மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது இயற்கை. லங்காவியின் மச்சின்சாங் மலைப் பாறைகள் ஏறக்குறைய ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் மணலாகப் படிந்தவை. மலேசியாவில் காணப்படும் மிகப் பழைய பாறைகள் இவையே. 2003-ஆம் ஆண்டு முதல் கம்பியூர்தி ஒன்று நம்மை ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்திற்குச் சில நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. உச்சியருகே 125 மீட்டர் நீளமுள்ள வளைந்த பாலமொன்று அந்தரத்தில் தொங்குகிறது. அதன்மேல் நின்று அந்தமான் கடலையும் அதில் சிதறிக்கிடக்கும் தீவுகளையும் காணும்போது, மனிதனுடைய ஆயுளும் அவனுடைய ஆணவமும் எவ்வளவு சிறியவை என்று தோன்றவேண்டும். ஆனால் பாலத்தின்மேல் நிற்போரில் பலர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தம் முகத்தையே படம் பிடித்துக்கொண்டு இறங்குகின்றனர். தம் முகத்தைப் பார்க்க மலையேற வேண்டுவதில்லை. வீட்டுக் கண்ணாடி போதும்.

அத்தீவின் வடகிழக்கில் கிலிம் என்னும் இடத்தில் அலையாத்திக் காடுகள் உள்ளன. உப்புநீரில் வேரூன்றி நிற்கும் இம்மரங்களின் காலடியில்தான் மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன. புயலலையின் வேகத்தையும் அவ்வேர்களே தணிக்கின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை லங்காவியின் மீனவர் கிராமங்களிலும் புகுந்ததை நினைவுகூர்வோர், கடற்கரைக் காட்டின் அருமையை எளிதில் உணர்வர். இக்காட்டினூடே படகுகள் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்கின்றன. விரைந்தோடும் படகு எழுப்பும் அலை சேற்றுக்கரையை அரிக்கிறது. கரை அரிந்தால் வேர் வெளிப்படுகிறது. வேர் வெளிப்பட்ட மரம் சாய்கிறது. “வேகமாய் விடு, தம்பி” என்று படகோட்டியைத் தூண்டுவோர் இதனை எண்ணுவதில்லை.

அங்கே மற்றொரு வழக்கமும் பரவியது. லங்காவி என்னும் பெயரே பருந்தினின்று பிறந்ததென்பர். மலாய் மொழியில் பருந்துக்கு ஹெலாங் என்று பெயர். செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் வானில் வட்டமிடுவது அத்தீவின் அழகு. அவற்றை அருகே காட்டிப் பிரயாணிகளை மகிழ்விக்கும்பொருட்டுக் கோழித்தோலையும் குடலையும் நீரில் எறியலாயினர். பருந்துகள் கூட்டமாய்ப் பாய்கின்றன, நாம் கைதட்டுகிறோம். ஆனால் மீன்பிடித்து வாழவேண்டிய பறவை எறிந்த தோலைப் பொறுக்கப் பழகினால், அதன் குஞ்சு எதைக் கற்கும்? வேட்டையாடும் பறவையை யாசகப் பறவையாக்கிவிட்டு, அதன் பெயரால் அமைந்த தீவைக் கண்டு வந்தோம் என்று பெருமை பேசுகிறோம். தரித்திரத்தையும் யாசகத்தையும் அறிந்த சமூகம் இதற்குக் கைதட்டலாமா?

அளவு கடந்தால் இயற்கை என்னவாகும் என்பதற்கு இதே அந்தமான் கடலில், லங்காவிக்கு வடக்கே, ஒரு பாடம் இருக்கிறது. தாய்லாந்தின் பீ பீ தீவுகளில் மாயா விரிகுடா என்றொரு சிறு கடற்கரை உண்டு. 1999-ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பட்டது; படம் வெளிவந்தபின் உலகமெங்குமிருந்து மக்கள் திரண்டனர். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் அந்தச் சிறு மணல்திட்டில் இறங்கினர். படகு நங்கூரங்களும் மனிதர் கால்களும் பவழத்தை நொறுக்கின. முடிவில் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கம் அதனை மூடிவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்தது. மூடியிருந்த காலத்தில் நட்ட பவழம் பிழைத்தது. கருநுனிச் சுறாக்கள் கரையோர நீருக்குத் திரும்பி வந்தன. அழகைக் காண வந்தவர் இல்லாதபோதே அழகு திரும்பிற்று! இதைவிடக் கடுமையான தீர்ப்பை எந்த நீதிபதியும் நம்மேல் எழுத முடியாது.

இரண்டாவது விடுதி. நம் அறையின் படுக்கை விரிப்பு நாம் வெளியே சென்று திரும்புமுன் மாற்றப்பட்டிருக்கிறது. நனைந்த துண்டு மறைந்து உலர்ந்த துண்டு வந்திருக்கிறது. மாயக்காரன் எவனும் இதைச் செய்யவில்லை. ஒரு பெண் வந்தாள், குனிந்தாள், துடைத்தாள், சென்றாள். அவள் நம் கண்ணில் படக்கூடாதென்பதே அவளுக்கிட்ட கட்டளை. அவள் அவ்வூர் மீனவர் மகளாயிருக்கலாம். நேப்பாளத்தினின்றோ மியன்மாரினின்றோ கடன்பட்டு வந்தவளாயிருக்கலாம். கடன்பட்டுக் கடல்கடந்து வந்து, அயலாருக்குக் குனிந்து உழைக்கும் அந்நிலை நமக்குப் புதிதா? மலேசியாவில் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்த அளவு மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஓரிரவு வாடகையே அத்தொகையை விழுங்கிவிடும் விடுதிகளும் அத்தீவில் உள்ளன. இவ்வேற்றத்தாழ்வை நம் ஒரு பயணத்தால் சமன்செய்ய இயலாது என்பது உண்மையே. ஆயினும் அவள் பெயரைக் கேட்கலாம். ‘நன்றி’ என்னும் சொல்லை அவள் மொழியில் கற்றுக்கொள்ளலாம். அறையைக் குப்பைமேடாக்காமல் விட்டுவரலாம். கையில் இயன்றதை வைத்துவிட்டு வரலாம். கங்காணி நம் பாட்டியை அழைத்த குரலில் அவளை அழையாமலிருப்பது, எல்லாவற்றினும் முதலாவது.

விடுதிக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பையும் ஆராயவேண்டும். பிலிப்பீன்ஸ் நாட்டின் போராக்காய்த் தீவு வெண்மணலுக்குப் பேர்பெற்றது. அங்கே விடுதிகள் பல தம் கழிவுநீரைக் கடலிலேயே கலந்துவிட்டன. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அத்தீவு முழுவதும் ஆறு மாதம் மூடப்பட்டது. பிரயாணி குளித்த கடல் எதனால் கலங்கியிருந்தது? அவனுடைய கழிவினாலேயே! எனவே விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சற்குளத்தின் நீளத்தை விசாரிப்போர், கழிவுநீர் எங்கே செல்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் விசாரிப்பாராக. கேட்போர் பலரானால் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் விடுதிக்காரர்க்கு ஏற்படும்.

மூன்றாவது இரவு. இதைப்பற்றி எழுதப் புகுந்தால், “சீர்திருத்தக்காரர்க்குச் சிரிப்பே ஆகாது” என்று பழிப்போர் உண்டு. பாட்டும் கூத்தும் நிலவொளியில் நண்பரோடு உரையாடலும் குற்றமென்று நாம் சொல்லவில்லை. மகிழ்ச்சியற்ற சீர்திருத்தம் உப்பற்ற உணவு. பந்தாய் செனாங் கடற்கரையில் இரவு விளக்குகள் எரிகின்றன, தீப்பந்தம் சுழற்றுவோர் ஆடுகின்றனர், இசை முழங்குகிறது. அதைக் காண்பதில் தவறென்ன? நாம் கேட்பது வேறு. வரியில்லாத் தீவில் மது மலிவு. மலிவென்ற ஒரே காரணத்தால், வீட்டில் குடியாதவரும் அங்கே குடிக்கிறார். குடிப்பவர் இரு மடங்கு குடிக்கிறார். திரும்பும்போது பெட்டியில் துணியின் இடத்தைப் புட்டிகள் பிடித்துக்கொள்கின்றன. இதற்குப் பெயர் விடுமுறையா?

லங்காவி எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று முன்னரே சொன்னோம். அதே கெடாவின் தோட்டங்களில், 1946, 1947 ஆண்டுகளில் நம் இளைஞர் தொண்டர் படை என்னும் பெயரால் அணிதிரண்டு, கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றனர். சம்பள நாளில் தோட்டத்துக் கூலிப்பணம் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிச் செல்வதைக் கண்டு மனம் பொறாதவர் அவர். பீடோங் வட்டாரத்தில் 1947-ஆம் ஆண்டு போலீசாரோடு மோதல் ஏற்பட்டது. அடியும் சிறையும் அவர்களுக்குக் கிடைத்தன. குடித்து மறக்கும் ஓய்வு தங்களுக்கு வேண்டாவென்று சொல்லித் தடியடி பட்ட ஏழைகளின் மாநிலம் அது. அம்மாநிலத்தின் தீவிற்கு, மது மலிவு என்பதற்காகவே அவர்தம் பேரன்மார் கடன் வாங்கிக்கொண்டு கப்பலேறுவாராயின், அப்போராட்டத்தில் யார் வென்றார் என்று எழுதுவது? அன்று கள்ளுக்கடை தோட்டத்து வாசலில் இருந்தது. நம்மைத் தேடி வந்தது. இன்று நாமே அதைத் தேடிக் கடல் கடக்கிறோம். வேற்றுமை இவ்வளவே.

சூதாட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலும் மரினா விரிகுடாவிலும் 2010-ஆம் ஆண்டில் சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல நாளொன்றுக்கு 100 வெள்ளி செலுத்தவேண்டுமென்று அரசாங்கம் விதித்தது. 2019-ஆம் ஆண்டில் அதனை 150 வெள்ளியாக்கிற்று. அயல்நாட்டு விருந்தினர்க்கு அக்கட்டணம் இல்லை. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். தன் பிள்ளை தொடக்கூடாதென்று தாய் மறைத்து வைப்பதை, வருகின்ற விருந்தினன் முன் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். நீட்டப்படுவதெல்லாம் உபசாரமல்ல என்று அறிதல் விருந்தினனுக்கு வேண்டிய முதல் அறிவு.

இரவைப்பற்றிச் சொல்லவேண்டிய மற்றொன்று உண்டு. இதுவே மிக முக்கியம். லங்காவிக்குச் செல்வோர் மஷூரியின் கல்லறையைக் காணாமல் திரும்புவதில்லை. கணவன் போருக்குச் சென்றிருந்தபோது, அவள் கற்புத் தவறினாள் என்று பொறாமை கொண்டோர் பழி சுமத்தினர் என்றும், ஆராயாமல் அவளைக் கொன்றனர் என்றும், வெண்குருதி வழிய அவள் ஏழு தலைமுறைக்கு அத்தீவைச் சபித்தாள் என்றும் மக்கள் கதை வழங்குகின்றனர். 1821-ஆம் ஆண்டில் சயாமியர் படையெடுத்தபோது அரிசிக் குவியல் எரிக்கப்பட்ட இடத்தையும் பாடாங் மாட்சிராட்டில் காட்டுகின்றனர். வெண்குருதியையும் சாபத்தையும் பகுத்தறிவு ஏற்காது, ஏற்கவேண்டுவதுமில்லை. ஆனால் ஒரு பெண்ணின்மேல் ஊரார் நாக்கு எறிந்த கல் அவளைக் கொல்லும் என்பதற்குச் சாட்சி வேண்டுவதில்லை. பகலில் அக்கல்லறை முன்நின்று “ஐயோ, பாவம்” என்று இரங்குகிறவர், இரவில் மதுக்கடையில் கோப்பை ஏந்திவரும் பெண்ணைக் கண்டு என்ன பேசுகிறார்? அவள் உடுத்த உடையையும் உழைக்கும் நேரத்தையும் வைத்து அவள் ஒழுக்கத்திற்கு விலை கூறுகிறார். மஷூரியைக் கொன்றவர் வேறெவருமல்லர், இவ்வாறு பேசியவரே.

இதுவரை வெளியிலுள்ள உழைப்பாளரைப் பற்றியே சொன்னோம். நம் ஓய்வின் கீழே நசுங்கும் முதல் உழைப்பாளி நம் வீட்டிலேயே இருக்கிறாள். குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்லும் நாளில் விடியுமுன் எழுபவள் யார்? செலவைக் குறைக்கப் புளிச்சோறு கட்டுபவள் யார்? பிள்ளைகள் நீரில் இறங்காதபடி வெயிலில் நின்று காப்பவள் யார்? ஆடவர் குளித்து, உண்டு, உறங்கி, இரவில் நண்பரோடு வெளியே செல்லும்போது, அறையில் குழந்தைக்குக் காவல் இருப்பவள் யார்? ஊர் மாறிற்று; அடுப்பு மாறிற்று; அவள் வேலை மட்டும் மாறவில்லை. தொழிற்சட்டம் எட்டு நாளும் பன்னிரண்டு நாளும் விதித்ததே, இல்லத்தரசிக்கு எத்தனை நாள் விதித்தது? ஒருநாளும் இல்லை. சட்டம் விதியாததைக் கணவன் விதிக்கலாம். மனைவிக்கு ஓய்வில்லாத விடுமுறையைக் குடும்ப விடுமுறை என்று கூறுதல் பொய். அது ஆடவர் விடுமுறை.

இவ்வளவும் கேட்டபின், “அப்படியாயின் எங்கும் போகாமலிருப்பதே மேல்” என்பார் சிலர். நாம் அவ்வாறு சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பயணங்கள் நின்றபோது, உல்லாசத் தீவுகளில் படகோட்டிக்கும் சமையற்காரனுக்கும் வருமானம் நின்றது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் லங்காவியே முதலாவதாக உள்நாட்டுப் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டது. அவ்வூரார் பிழைப்பு நம் வருகையோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. போகாமை அறமன்று. ஆனால் அவர் நம்மை நம்பியிருக்கிறார் என்பதனாலேயே நம் பொறுப்பு குறைவதுமில்லை, கூடுகிறது. தோட்டத்தை நம்பியே நம் பாட்டனும் வாழ்ந்தார். “என்னால்தான் நீ பிழைக்கிறாய்” என்று துரை சொன்னபோது அது நமக்கு எப்படி ஒலித்ததோ, அப்படியே நாம் சொல்லும்போது அவருக்கும் ஒலிக்கும்.

ஆகவே, அன்பர்களே, விடுமுறைக்குத் திட்டமிடும்போது கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் சில வரிகளைச் சேர்த்து எழுதுங்கள். கடன்பட்டு இன்பம் தேடாமல், மாதந்தோறும் சிறு தொகை சேர்த்துச் செல்லுங்கள். எட்டு நாள் இன்பத்திற்கு எட்டு மாதம் வட்டி கட்டுபவன் ஓய்வெடுத்தவனல்லன். கூட்டம் நெருங்காத நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அவ்வூர்ப் படகோட்டியை அமர்த்துங்கள்; அவ்வூர்க் கடையில் உண்ணுங்கள்; பருந்துக்குத் தீனி எறியும் படகை விடுத்து, எறியாத படகைக் கேட்டுப் பெறுங்கள். கொண்டுசென்ற குப்பையைக் கொண்டுவாருங்கள். வீட்டுப் பெண்டிர்க்கு ஒரு முழு நாளேனும் எந்த வேலையுமில்லாமல் கடலைப் பார்த்திருக்க விடுங்கள்; அன்று பிள்ளைகளைத் தந்தை காக்கட்டும். புட்டி வாங்கும் பணத்தில் பிள்ளைகளை மச்சின்சாங் உச்சிக்கு ஏற்றி, ஐம்பது கோடி ஆண்டுப் பாறையைக் காட்டி, பூமி எப்படி உண்டாயிற்று என்று விளக்குங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்டு அவர்களோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அந்த அறிவு வரியில்லாமல் கிடைப்பது; எந்தச் சுங்கச்சாவடியிலும் பறிமுதலாகாதது.

நேற்று ஏவல் கேட்டு நின்ற சமூகம் இன்று ஏவும் நாற்காலியில் அமரும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறது. அந்நாற்காலியில் அமர்ந்தவுடன் பழைய துரையின் குரலையே எடுத்துப் பேசுவோமாயின், நாம் பெற்றது விடுதலையன்று, இடமாற்றமே. துரை காணாமற் போன கண்களை நாம் காண்போம். துரை கேளாமல் விட்ட பெயர்களை நாம் கேட்போம். தன் ஓய்வினால் எவருடைய முதுகும் வளையவில்லை என்று உறுதி கொண்டவனே மனநிறைவோடு உறங்குவான். அந்த உறக்கமே உண்மையான ஓய்வு. அதனை நம்மவர் அனைவரும் பெறுக. பெற்றுப் பிறர்க்கும் அளிக்க.